நாற்பத்தொன்றாம் மாடியில் நின்ற அம்மா

அறுநூறு வயிறுகளை மூன்று வேளையும் ஆண்டுவரும் சமையற்கூடத்தின் மகாராணியும், சின்ன வயதில் என் பென்சில்களை எல்லாம் கடித்துத் தின்றவளும், என் ஒரே தங்கையுமான உனக்கு,

இந்த நகரத்தின் முப்பத்திரண்டு லிஃப்டுகளையும் தன் சுண்டுவிரல் அசைவில் ஏற்றி இறக்கும் மெக்கானிக் சக்கரவர்த்தியாகிய உன் அண்ணன் எழுதுவது.

நான் சுகம். மழை பெய்தால் முழங்கால் கொஞ்சம் முனகுகிறது. அதட்டி உட்கார வைத்திருக்கிறேன். உன் மகள் என்னைவிடப் பத்து மடங்கு சுகம். ஞாயிற்றுக்கிழமைதோறும் பத்து நிமிஷம் போனில் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நான் போனில் வாயைத் திறந்தால் ஒரு சாண் தூரத்தில் இரண்டு காதுகள் வந்து நிற்கின்றன. யானைக்குக்கூட அவ்வளவு பெரிய காது கிடையாது. அந்தக் காதுகளை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இந்தக் காகிதம்.

முதலில் படிப்பு. நம் குண்டூசி (ஒல்லியாக இருந்துகொண்டு இந்தக் குத்துக் குத்துகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது?) கழித்தல் கணக்கில் வகுப்பிலேயே முதலாவதாக இருக்கிறாள். ஆறரை வயதில் முந்நூற்றிலிருந்து பின்னோக்கி மூச்சுவிடாமல் எண்ணுகிறாள். டீச்சருக்கே ஆச்சரியம். அதற்குக் காரணம் டீச்சர் அல்ல, சாட்சாத் நான்தான். இதை இதுவரை உனக்குச் சொல்லவில்லை. நீ வந்து உன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நானும் அவளும் சத்தியம் செய்திருந்தோம். இப்போது சொல்லவேண்டிய நிலை வந்துவிட்டது.

நீ ஒரு வருஷ ஒப்பந்தத்தில் வேலைக்குப் புறப்பட்ட மறுநாள் அவள் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை. 'ஒரு வருஷம்னா எவ்வளவு?' என்று உள்ளேயிருந்து கேட்டாள். ஒரு வருஷத்தை ஒரு குழந்தைக்கு எப்படிக் காட்டுவது? எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. பழைய வயரிங் படங்களின் பின்பக்கத்தை நீளமாக ஒட்டி முந்நூற்று அறுபத்தைந்து மாடிக் கட்டடம் ஒன்று வரைந்தேன். மாடிக்கு ஒரு விரல் அகலம். தரையில் ஆரம்பித்த கட்டடம் சுவரில் ஏறி, உத்தரத்தில் முட்டி, அங்கிருந்து வளைந்து மின்விசிறி வரை போய்விட்டது. உலகத்திலேயே வளைந்த கட்டடம் கட்டிய முதல் மனிதன் நான்தான். ஒரு தீப்பெட்டிதான் லிஃப்ட். உள்ளே நீ. அதாவது, உன் பழைய நீலச் சட்டையின் பொத்தான். நீ தினம் ஒரு மாடி இறங்குவாய். தரைக்கு வரும் நாளில் வாசல் மணி அடிக்கும். இதுதான் ஏற்பாடு.

அன்றிலிருந்து தினமும் பல் விளக்கியதும் அவள்தான் தீப்பெட்டியை இறக்கி ஒட்டுவாள். உத்தரத்தில் இருந்த மாடிகளைக் கடக்கும்வரை என் கழுத்தில் ஏறி நின்றுதான் இறக்கினாள். என் கழுத்து இப்போது அரை அங்குலம் குட்டை.

நிற்க. போன வாரம் அவள் குளித்துக்கொண்டிருந்தபோது நீ சொன்ன செய்திக்கு வருகிறேன். உனக்குப் பதிலாக வரவேண்டியவள் வரவில்லை, ஒப்பந்தத்தை எட்டு மாதம் நீட்டிவிட்டார்கள், மறுத்தால் திரும்பிவர டிக்கெட் கிடையாது என்றாய். குரல் உடையாமல் சொல்லப் பார்த்தாய். பிறகு, 'அவகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்கண்ணா' என்றாய்.

பக்குவம் என்ற சொல்லே என்னைப் பார்த்துத்தான் உண்டானது. மறுநாள் காலை தீப்பெட்டி நாற்பத்தொன்றாம் மாடிக்கு வந்தது. குண்டூசி கீழே மிச்சமிருந்த மாடிகளை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். இரண்டு கை விரலையும் நான்கு தடவை மடக்கினால் முடிந்துவிடும், மேலே ஒன்றுதான் மிச்சம் என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு எட்டு மாதம் என்று சொல்ல என் நாக்குப் புரளவில்லை. சட்டென்று ஒரு யோசனை உதித்தது. 'அடடா, கயிறு மாட்டிக்கிச்சு. லிஃப்ட் நின்னுபோச்சு. சரியாகறதுக்குக் கொஞ்ச நாள் ஆகும்' என்றேன்.

எப்படி? அழுகை இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை. நின்ற தீப்பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். உள்ளே விளக்கு எரியுமா என்று கேட்டாள். எரியும் என்றேன். உட்கார இடம் இருக்குமா? மெத்தை போட்ட சோபாவே இருக்கிறது என்றேன். சாப்பாடு? ஜன்னல் வழியாகத் தட்டுத் தட்டாக வரும் என்றேன். கேள்விக்கு முன்னால் பதில் ஓடி வந்தது. காரியம் கச்சிதமாக முடிந்துவிட்டது, நீ கவலையே படாதே.

நேற்றுத் தீப்பெட்டியின் மேல்பக்கம் ஊசியால் மூன்று ஓட்டை போட்டிருந்தாள். எதற்கு என்று கேட்டேன். காற்று வரட்டும் என்றாள். என்ன புத்திசாலித்தனம் பார்த்தாயா! எல்லாம் தாய்மாமன் ரத்தம்.

உடம்பைப் பார்த்துக்கொள். அடுப்புக்கு முன்னால் நின்று நின்று கால் வீங்குகிறது என்றாயே, பலகை மேல் கால் வைத்து உட்கார். மகாராணிகள் நிற்கக் கூடாது.

இப்படிக்கு,
பக்குவத்தின் பிறப்பிடம்,
உன் அண்ணன்

*

அன்புத் தங்கைக்கு,

பட்டங்களை எல்லாம் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு எழுதுகிறேன். முந்தின கடிதத்தை இதற்குள் நீ நான்கு தடவை படித்து எனக்கு நாற்பது திட்டு திட்டியிருப்பாய். இதையும் படித்துவிட்டு மொத்தமாகத் திட்டு.

செவ்வாய்க்கிழமை மதியம் பன்னிரண்டு மாடி ஆபீஸ் ஒன்றில் லிஃப்ட் குழிக்குள் கிரீஸும் நானுமாக இருந்தபோது பள்ளிக்கூடத்திலிருந்து போன். உடனே வர வேண்டும் என்றார்கள். கிரீஸோடு போனேன். அந்த வகுப்பில் பெரியவர்களுக்கு நாற்காலி கிடையாது. குழந்தைகளின் நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் காதுகளோடு பேசிக்கொள்கின்றன. இந்த நிலையில்தான் டீச்சர் விஷயத்தைச் சொன்னார். சின்ன வயதுக்காரர், குரல் உயராது. அப்படிப்பட்டவர்களிடம்தான் எனக்குப் பயம்.

'என் குடும்பம்' என்று ஒவ்வொரு குழந்தையாக எழுந்து பேசச் சொல்லியிருக்கிறார். நம்மவள் எழுந்து, 'எங்கம்மா நாப்பத்தொண்ணாவது மாடியில லிஃப்டுல மாட்டிக்கிட்டு இருக்காங்க. எங்க மாமா உலகத்துலயே பெரிய மெக்கானிக். அவர்தான் சரி பண்ணப் போறார்' என்றாளாம். வகுப்பு முழுக்கச் சிரித்திருக்கிறது. பக்கத்தில் இருந்த பெண், எல்லோரும் ரெட்டைப்பின்னல் என்று கூப்பிடுகிறார்களே அவள், சிரிக்கவில்லை. எழுந்து நின்று, 'பொய். உங்கம்மா இப்போ வர மாட்டாங்க. எங்கம்மா சொன்னாங்க' என்று சொல்லியிருக்கிறாள். அவள் அம்மாவுக்கு எப்படித் தெரியும்? ரொட்டிக் கடை வரிசையில் நின்றபோது நான்தான் புலம்பித் தொலைத்தேன்.

அடுத்த நிமிஷம் குண்டூசி அவள் மணிக்கட்டைக் கடித்துவிட்டாள். நான் கடிக்கவில்லை என்று சாதித்தாளாம். ஆனால் தடத்தில் நடுவே இரண்டு பல் அளவு இடைவெளி. வகுப்பில் மேல்வரிசை முன்பல் இரண்டும் விழுந்தவள் இவள் ஒருத்திதான். எந்த வக்கீலாலும் காப்பாற்ற முடியாத வழக்கு.

கடித்தது மட்டும் இல்லை. மூன்று வாரமாக இடைவேளையில் யாரோடும் விளையாடுவதில்லையாம். ஓடிப்பிடிக்கக் கூப்பிட்டால் சுவரோரம் போய் நின்றுகொள்கிறாளாம். வண்ணப் பென்சிலைப் பக்கத்தில் கொடு என்றால் பிடித்த பிடி விடமாட்டேன் என்கிறாளாம். கழித்தல் கணக்கும் செய்வதில்லை. தாளில் நாற்பத்தொன்று என்று எழுதிவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். அந்தத் தாளை டீச்சர் என் முன்னால் வைத்தார். பக்கம் முழுக்க நாற்பத்தொன்று.

நான் வழக்கம்போல் ஜோக் அடித்துத் தப்பிக்கப் பார்த்தேன். 'குழந்தைங்க கதையை நிஜம்னு நம்பிடறாங்க, பாருங்க' என்றேன். டீச்சர் சிரிக்கவில்லை. 'அவளுக்கு அது கதைன்னு தெரியும் சார். ஆனா அம்மா வர்றது எங்கேயோ நின்னு போச்சுங்கறது நிஜம்னும் தெரியும். ஏன்னு யாரும் சொல்லலை. அதனால யாரைப் பார்த்தாலும் கோபம் வருது' என்றார்.

கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் துடைக்கத் துணி தேடினேன்.

பிறகு அவரே சொல்லிக்கொடுத்தார். உண்மையைச் சின்னதாகச் சொல்ல வேண்டுமாம். அவள் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து, கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். ஜிகினா ஒட்டக் கூடாதாம். சொல்லி முடித்ததும் பேசாமல் இருக்க வேண்டுமாம். அவள் அழுதால் அழட்டும், அடித்தால் அடிக்கட்டும், உடனே சிரிக்க வைக்கப் பார்க்கக் கூடாதாம். பேசாமல் இருப்பதுதான் கஷ்டம், அதற்குப் பதில் பன்னிரண்டாம் மாடியிலிருந்து குதிக்கச் சொல்லலாம் என்றேன். அப்போதுதான் டீச்சர் கொஞ்சம் சிரித்தார். கடிபட்ட பெண்ணை ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிடுங்கள், இருவரும் சேர்ந்து ஏதாவது செய்யட்டும், ஆனால் மன்னிப்புக் கேள் என்று கழுத்தைப் பிடிக்காதீர்கள் என்றும் சொன்னார்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன்.

நடுவில் ஒன்று கேட்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் அவள் உன்னிடம், 'உள்ள காத்து வருதாம்மா?' என்று கேட்டாளே, ஞாபகம் இருக்கிறதா? நீ சமையற்கூடத்தைக் கேட்கிறாள் என்று நினைத்து, 'ரொம்பப் புழுக்கம்டா செல்லம், மூச்சே விட முடியலை' என்றாய். உன்மேல் தப்பே இல்லை. ஆனால் போனை வைத்த பிறகு அவள் தட்டைத் தொடவில்லை. காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்த அறிவாளி நான்.

இப்போது புதன்கிழமைக்கு வருகிறேன். சாயங்காலம் நான்கு மணி இருக்கும். வேலையிலிருந்து வந்தால் நம் கட்டடத்து லிஃப்டுக்கு முன்னால் ஒரே கூட்டம். ஒருவர் கையில் காய்கறிப் பை, ஒருவர் கையில் தையல் மிஷின். எல்லோரும் என்னைப் பார்த்து, 'மெக்கானிக் குடியிருக்கற கட்டடத்துலயே லிஃப்ட் ஓடலை, ரொம்ப நல்லா இருக்கு சார்' என்று வாழ்த்தினார்கள். படியேறி மூன்றாம் மாடிக்குப் போனேன். லிஃப்ட் கதவு திறந்தபடி நிற்கிறது. நிறுத்தும் சிவப்புப் பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறது. உள்ளே தரையில் குண்டூசி உட்கார்ந்திருக்கிறாள். பள்ளிக்கூடப் பையிலிருந்து என் ஸ்க்ரூ டிரைவர், டெஸ்டர், குறடு எல்லாம் வெளியே வந்திருக்கின்றன. பொத்தான் பலகையின் நான்கு திருகாணிகளையும் கழற்றி, தொலையாமல் இருக்க டிபன் டப்பா மூடியில் வரிசையாக வைத்திருக்கிறாள். பத்து வருஷம் வேலை பார்த்தவனும் அவ்வளவு ஒழுங்காக வைக்க மாட்டான்.

எனக்கு உயிரே போய்விட்டது. அந்தப் பலகைக்குப் பின்னால் இருப்பது கரண்ட். கை ஒரு விரற்கடை உள்ளே போயிருந்தால்... அதை எழுத மாட்டேன். அவளை அப்படியே தூக்கி வெளியே கொண்டுவந்து போட்டுக் கத்தினேன். என் குரல் எட்டு ஊருக்குக் கேட்டிருக்கும். இது மிகை அல்ல. என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு, 'கத்துக்கறேன்' என்றாள். எதுக்கு என்றேன். 'நீதான் சரி பண்ண மாட்டேங்கறியே.'

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் நின்றுகொண்டே இருந்தாள். நான் உட்கார்ந்தால் இருவரும் ஒரே உயரம். என் முகத்தைப் பார்த்து, மெதுவாக, சண்டை போடும் தொனியே இல்லாமல் கேட்டாள்: 'உனக்கு எல்லா லிஃப்டும் சரி பண்ணத் தெரியும்னு சொன்னே. அம்மாவோடது மட்டும் ஏன் சரி பண்ணலை? அம்மா வந்தா நான் அம்மாகூடப் போயிடுவேன். அதனாலதானே மாமா?'

தங்கச்சி, இருபது வருஷமாக வாயால் பிழைப்பவன் நான். ஒரு பதில் வரவில்லை. ஏன் தெரியுமா? நீ எட்டு மாதம் என்று சொன்ன அன்று, உனக்காக வருத்தப்பட்டேன், அவளுக்காக வருத்தப்பட்டேன். ஆனால் உள்ளே எங்கேயோ ஒரு மூலையில் ஒரு கால்வாசி மனது, 'இன்னும் எட்டு மாசம் அவள் இங்கேதான்' என்று நினைத்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. ஆறரை வயதுக் குழந்தை கண்டுபிடித்துவிட்டது.

இந்தச் சனிக்கிழமை சொல்லிவிடுவேன். இதை உனக்கு எழுதுவதே பின்வாங்காமல் இருக்கத்தான். என்மேல் கோபப்படு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை போன் செய்யாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் அண்ணன்

*

அன்புள்ள தங்கைக்கு,

நீ போனில் என்னைத் திட்டாமல் விட்டது திட்டியதைவிட உறைத்தது. 'நான்தான் உங்க தலையில கட்டினேன், நானே சொல்லியிருக்கணும்' என்றாய். இல்லை. நீ தொலைவில் இருக்கிறாய். நான் பக்கத்தில் இருந்துகொண்டு ஓடினேன்.

சனிக்கிழமை காலையில் சொன்னேன். முந்தின நாள் ஷேவிங் கண்ணாடிக்கு முன்னால் ஒத்திகை பார்த்தேன். முதல் ஒத்திகையில் ஒரு கப்பலும் இரண்டு சூறாவளியும் வந்துவிட்டன. அவற்றை வெட்டி எறிந்தேன். எட்டாவது ஒத்திகையில்தான் நான்கு வாக்கியத்துக்கு இறங்கியது. அவள் பால் குடித்துக்கொண்டிருந்தபோது தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சொன்னேன்: 'அம்மா எந்த லிஃப்டுலயும் மாட்டலை, நான் கதை விட்டேன். அம்மாவோட வேலை இன்னும் முடியலை. இன்னும் எட்டு மாசம் ஆகும். அதை என்னால சரி பண்ண முடியாது.'

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். பற்கள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு நின்றன.

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். எட்டு மாதம் என்றால் அவள் பிறந்தநாள் அதற்குள் வருமா என்று கேட்டாள். வரும் என்றேன். அம்மா அப்போது இருக்க மாட்டாளா? இருக்க மாட்டாள். அம்மாவுக்கு இது பிடிச்சிருக்கா? பிடிக்கவே இல்லை என்றேன். போனில் சொல்லும்போது அழுதாள் என்றும் சொன்னேன். நான் அழுததை ஏன் சொன்னீர்கள் என்று கோபித்துக்கொள்ளாதே. இத்தனை நாளும் தான் மட்டும்தான் அழுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. அதைக் கேட்டதும்தான் உதடு பிதுங்கியது.

அழுதாள். என்னை அடித்தாள். ஏழு அடி, ஒரு உதை. பொய்யன் என்றாள். ஆமாம் என்றேன். பிறகு, படிக்கட்டில் கேட்ட கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 'நீ போயிட்டா எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா அம்மா வரணும், நீ அம்மாகிட்ட இருக்கணும். அதுதான் எனக்கும் வேணும்' என்றேன். அவள் மூக்கை என் சட்டையில் துடைத்தாள். 'ரொம்பக் கஷ்டமா இருக்குமா?' என்று கேட்டாள். 'ரொம்ப' என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக நான் கூட்டிச் சொல்லாத ஒரு 'ரொம்ப'.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சுவர்க் கட்டடத்துக்கு மேலும் இருநூற்றுச் சொச்சம் மாடி கட்டலாமா என்று கேட்டதற்கு, 'படம் வேணாம். தேதி சொல்லு' என்றாள். பீரோக் கதவின் உள்பக்கம் பென்சிலால் நீ வரும் மாதத்தை எழுதினேன். தேதியை நீ சொல்வாய் என்று இடம் விட்டிருக்கிறேன்.

மூன்றாம் நாள் ரெட்டைப்பின்னல் வந்தாள். அவள் அம்மாவே கொண்டுவந்து விட்டாள்; மாசமாக இருக்கிறாள், மூச்சு வாங்க வந்தவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். விருந்தாளி மணிக்கட்டைச் சட்டைக் கைக்குள் இழுத்துவிட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றாள். குண்டூசி அலமாரியோரம் நின்றாள். இரண்டு நாட்டு ராணுவம் எல்லையில் நின்ற மாதிரி கால்மணி நேரம். பாட்டுப் பாடலாமா, குரங்கு மாதிரி குதிக்கலாமா என்று எனக்குக் கைகால் எல்லாம் துடித்தது. டீச்சர் சொன்னதை நினைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய் ஒரு வெங்காயத்தை இருபது நிமிஷம் உரித்தேன்.

அங்கே இருந்தபடி கேட்டேன். நம்மவள்தான் முதலில் பேசினாள். 'நீ சொன்னது பாதி கரெக்ட். வராம இல்ல. லேட்டா வருவாங்க.' விருந்தாளியின் காலடி உள்ளே வரும் சத்தம் கேட்டது. 'எவ்ளோ லேட்டு?' 'எட்டு மாசம்.' ரெட்டைப்பின்னல், 'எட்டு மாசம்லாம் ஒண்ணுமே இல்ல. எங்கம்மா வயித்துல இருக்கற பாப்பா மூணு மாசத்துல பொறந்துடும். அப்புறம் குப்புற விழும். அப்புறம் உக்காரும். உக்காந்ததும் உங்கம்மா வந்துடுவாங்க' என்றாள். எனக்குத் தோன்றவே இல்லை பார், இப்படி ஒரு கணக்கு! நான் தாளில் கட்டியது வெறும் கட்டடம். இந்தப் பொடிசு உயிருள்ள ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

'பாப்பா உக்காரும்போது நானும் பார்க்கலாமா?' என்று குண்டூசி கேட்டாள். பார்க்கலாம், ஆனால் கடிக்கக் கூடாது என்றாள் மற்றவள். கடிக்க மாட்டேன் என்றாள் இவள். 'வலிச்சுதா?' 'ம்.' 'இப்போ?' 'இப்போ இல்ல.' அதுதான் மன்னிப்பு. இரண்டு நாட்டு அரசியல்வாதிகளை அனுப்பியிருந்தால் ஆறு மாதமும் ஆறு விருந்தும் ஆகியிருக்கும்.

பிறகு இருவரும் என் கருவிப் பெட்டியில் இருந்த திருகாணிகளை அளவு வாரியாகப் பிரித்து வைத்தார்கள். நடுவில் ஒரு வாஷருக்காகச் சண்டை வந்தது. நான் வெங்காயத்தை விட்டுவிட்டு எழுந்தேன், திரும்ப உட்கார்ந்துகொண்டேன். ஆளுக்குக் கொஞ்ச நேரம் என்று அவர்களே முடிவு செய்தார்கள். போகும்போது ரெட்டைப்பின்னலின் பையில் ஒரு பச்சைப் பென்சில் இருந்தது. நம்மவளுடையது. யாரும் கேட்காமல் கொடுத்திருக்கிறாள்.

நேற்று டீச்சரைப் பார்த்தேன். கணக்கு மறுபடி வருகிறதாம். ஓடிப்பிடிக்கவும் போகிறாளாம், ஆனால் பிடிபட்டால் ஒப்புக்கொள்வதில்லையாம். அது உன் பக்கத்துக் குணம், நான் பொறுப்பில்லை.

இனி உன்னிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது 'சீக்கிரம் வந்துடுவேன்' என்று சொல்லாதே. அந்தச் சொல் நம் இருவர் வாயிலும் ரொம்ப நாள் கிடந்து நைந்துபோய்விட்டது. மாதத்தைச் சொல். தெரிந்தால் தேதியைச் சொல். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல், அவள் தாங்கிக்கொள்வாள். என்ன சமைத்தாய், கால் வலிக்கிறதா, யாரோடு பேசினாய் என்று சின்னச் சின்னதாகச் சொல். அழுகை வந்தால் போனை மூடிக்கொண்டு அழாதே. கேட்கட்டும்.

அப்புறம் இன்னொன்று, பெரிய விஷயம் இல்லை. திரும்பி வந்ததும் ஊரின் அந்தப் பக்கம், பெரிய பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடு பார்க்கலாம் என்று இருப்பதாகச் சொன்னாய். நல்ல யோசனை. நல்ல பள்ளிக்கூடம்தான். இரண்டு பஸ் மாற வேண்டும், அவ்வளவுதானே. நான் ஒன்றும் குறுக்கே நிற்க மாட்டேன். முதல் பெட்டியைத் தூக்கி வைப்பவனும் நானாகத்தான் இருப்பேன்.

இருந்தாலும் ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன். எனக்கு நேர் மேலே, நான்காம் மாடியில் இருக்கும் தையற்காரர் அடுத்த வருஷம் மகனோடு போய் இருக்கப் போகிறாராம். இரண்டு அறை. காலை வெயில் சமையலறைக்கே வருகிறது. அந்த வீட்டின் காற்றைப் பற்றி அயல்நாட்டுக்காரர்கள் எல்லாம் விசாரிக்கிறார்கள். ஒரே ஒரு குறை, தரை மெல்லிசு. மேலே யாராவது ஓடினால், குதித்தால், நாற்காலியை இழுத்தால் கீழ் வீட்டில் அப்படியே கேட்கும். வேறு எங்கேயாவது என்றால் கீழ் வீட்டுக்காரன் கதவைத் தட்டிச் சண்டைக்கு வருவான். இந்தக் கீழ் வீட்டுக்காரன் வர மாட்டான். அதற்கு நான் பொறுப்பு.

யோசித்துச் சொல். அவசரமில்லை.

உடம்பும் மனதும் நன்றாக இருந்து, போனபடியே முழுசாக வந்து சேர வேண்டும், தங்கச்சி.

உன் அண்ணன்